துளியளவு மருந்தும் ஓராண்டுத் தண்டனையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

கால்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் உதைத்து ஆடும் உருண்டைப் பந்து. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். அங்கே பந்து முட்டை வடிவமானது. அதைப் பெரும்பாலும் கையால் எறிந்தும், மார்போடு அணைத்து ஓடியும் ஆடுவர். அணிக்குப் பதினொருவர். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, எதிரணியை மோதித் தள்ளி, 100 கெஜத் திடலில் முன்னேற வேண்டும். முன்வரிசையில் நிற்போரில் 130, 140 கிலோ எடையுள்ளவர்கள் சாதாரணம். ஆகவே உடல் வலிமையே இவ்வாட்டத்தின் மூலதனம் எனலாம்.

இந்த ஆட்டத்தில் கல்லூரி அணிகளுக்கு உள்ள செல்வாக்கு நமக்கு வியப்பூட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திடலில் மட்டும் 1,07,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். படித்த கல்லூரியின் நிறத்தை அறுபது வயதிலும் அணிந்து வருவோர் அங்கே உண்டு. அக்கல்லூரியில் படிக்காதவர்கள்கூடத் தம் ஊர் அணி என்ற உரிமையோடு வருகின்றனர். பற்று இவ்வளவு இருக்குமிடத்தில் வாக்குவாதத்துக்குக் குறைவிருக்காது. தடை செய்யப்பட்ட மருந்து ஒரு வீரரின் உடலில் காணப்பட்டது என்ற செய்தி வரும்போது அந்த வாக்குவாதம் உச்சத்தை அடைகிறது. அதில் இரு தரப்பினரும் வேதியியலையே சாட்சிக்கு அழைக்கின்றனர். வேதியியல் உண்மையில் என்ன சாட்சி சொல்கிறது, எந்த இடத்தில் வாய்மூடி விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வரலாறு

ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. இத்துறையில் உழைத்த புட்டநாண்ட், ருசிக்கா என்னும் இருவரும் 1939-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நோயாளிகளுக்காகக் கண்ட பொருள் விரைவிலேயே விளையாட்டுத் திடலுக்கு வந்துவிட்டது. 1958-இல் சீபா நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'டயனபால்' என்ற மாத்திரையை ஜான் சீக்லர் என்னும் மருத்துவர் பளுதூக்கும் வீரர்களுக்குக் கொடுத்தார். பளுதூக்குவோரிடமிருந்து அது கால்பந்து வீரர்களிடம் பரவியது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அது 1986-இல்தான் மருந்துச் சோதனையைத் தொடங்கியது. அந்தப் பருவத்திலேயே பெரிய பெயரொன்று சிக்கியது. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பிரையன் பாஸ்வொர்த், நாட்டின் சிறந்த 'லைன்பேக்கர்' வீரருக்கான பட்கஸ் விருதை இருமுறை பெற்றவர். ஸ்டீராய்டு காணப்பட்டதால் 1987 ஜனவரி 1 அன்று நடந்த ஆரஞ்சுக் கிண்ண ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. காயத்துக்காக மருத்துவர் கொடுத்த மருந்து என்றார் அவர். சங்கத்தைச் சாடும் வாசகம் எழுதிய சட்டையுடன் திடலோரத்தில் அவர் நின்ற காட்சியை வீரம் என்றனர் சிலர். திமிர் என்றனர் சிலர்.

இம்மருந்துகள் தரும் தீங்கு கற்பனையன்று. தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடிய டாமி சேக்கின், ஸ்டீராய்டு தம் உடலையும் மனத்தையும் எவ்வாறு சிதைத்தது என்பதையும், தற்கொலையின் விளிம்புவரை தாம் சென்றதையும் 1988 அக்டோபரில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வெளிப்படையாகக் கூறினார். மறு ஆண்டு அப்பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பயிற்சியாளர்கள் நால்வர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 'அவரவர் உடல் அவரவர் விருப்பம், எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டுமே' என்று வாதிடும் ரசிகர்களுக்குச் சேக்கின் கதையே போதிய விடை. ஒருவன் எடுத்தால் அடுத்தவனும் எடுத்தாக வேண்டும். மறுப்பவன் அணியில் இடமிழப்பான். அங்கே விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

பூட்டும் சாவியும்

டெஸ்டோஸ்டிரோன் எப்படித் தசையை வளர்க்கிறது? நம் உயிரணுக்களில் 'ஏற்பி' என்னும் புரதங்கள் உள்ளன. ஏற்பியைப் பூட்டு என்றால் ஹார்மோன் அதன் சாவி. சாவி பொருந்தியதும், புரதத்தை உண்டாக்கும் கட்டளை உயிரணுவின் உள்ளே பிறக்கிறது, தசை பெருக்கிறது. ஆனால் இதே பூட்டு தோலிலும் சுரப்பிகளிலும் பிற உறுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே ஸ்டீராய்டு தசையில் மட்டும் வேலை செய்து நிற்பதில்லை.

தசை, எலும்பு ஆகியவற்றில் மட்டும் பூட்டைத் திறந்து, பிற இடங்களில் அடங்கியிருக்கும் சாவி கிடைக்குமா என்று அறிவியலார் தேடினர். புற்றுநோய் முதலியவற்றால் தசை உருகிப்போகும் நோயாளிகளுக்கு உதவுவதே அவர்கள் எண்ணம். அத்தேடலில் கிடைத்தவற்றுள் ஒன்று 'ஆஸ்டரின்'. டெஸ்டோஸ்டிரோனைப் போலவே இதிலும் 19 கரி அணுக்கள் உள்ளன. ஆனால் ஸ்டீராய்டுக்கே உரிய நான்கு வளைய அமைப்பு இதில் இல்லை. ஃபுளூரினும் நைட்ரஜனும் உண்டு. வடிவம் வேறானாலும் அதே பூட்டில் நுழையும் சாவி இது.

ஆஸ்டரினை மருந்தாக விற்க அமெரிக்க அரசு ஒப்புதல் அளிக்கவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2008 முதல் இவ்வகைப் பொருள்களைத் தடை செய்துள்ளது. ஆயினும் இவை கடைச்சரக்காகப் புழங்குகின்றன. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'துணை உணவு' என்ற பெயரில் வரும் பொடிகளையும் மாத்திரைகளையும் விற்பதற்கு முன் அவற்றின் பாதுகாப்பையும் பயனையும் அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆஸ்டரின் இனத்தைச் சேர்ந்தவை என்று விற்கப்பட்ட 44 பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வொன்று 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அவற்றுள் ஏறக்குறைய பாதியில்தான் அந்த இனத்துப் பொருள் இருந்தது. நான்கில் ஒரு பங்கில், மேலுறையில் குறிப்பிடாத வேறு பொருள்கள் இருந்தன. மேலுறையை நம்பி வாங்குபவன் எதை விழுங்குகிறான் என்பது அவனுக்கே தெரியாது என்பது இதனால் விளங்கும்.

கிளெம்சன் வழக்கு

2018 டிசம்பரில் தென் கரோலினா மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழக அணி தோல்வியே காணாமல் தேசிய அரையிறுதியை அடைந்திருந்தது. டிசம்பர் 29-ஆம் நாள் நாட்ரடேம் அணியோடு ஆட்டம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு மூன்று வீரர்களின் சிறுநீரில் ஆஸ்டரின் காணப்பட்டது என்ற செய்தி வந்தது. ஒருவர் டெக்ஸ்டர் லாரன்ஸ், 150 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நட்சத்திர வீரர். மற்ற இருவர் முதலாண்டு மாணவரான பிரேடன் கேலவேயும், ஜாக் ஜியெல்லாவும். சோதனைக்கு எடுக்கும் சிறுநீரை இரண்டு புட்டிகளில் பிரித்து வைப்பது வழக்கம். இரண்டாவது புட்டியும் அதே முடிவைத் தந்தது. மூவரும் தடை செய்யப்பட்டனர்.

கிளெம்சன் அரையிறுதியில் 30-3 என்றும், 2019 ஜனவரி 7-ஆம் நாள் இறுதியில் அலபாமாவை 44-16 என்றும் வென்று, 15 ஆட்டங்களிலும் வெற்றி என்ற பெருமையுடன் பருவத்தை முடித்தது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். கிளெம்சன் தரப்பின் வாதம் இது: காணப்பட்டது மிக நுண்ணிய அளவு. அவ்வளவு சிறிய அளவால் ஒரு தசைநாரும் வளராது. ஆகவே ஏதோ ஓர் உணவுப் பொடியில் கலந்து வந்திருக்க வேண்டும். மேலும் லாரன்ஸ் இல்லாமலேயே நாங்கள் வென்றோம். எதிர்த்தரப்பின் வாதம் இது: நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுள் சிலரை மட்டும் சோதித்தபோதே மூவர் ஒரே பொருளோடு சிக்கினர். அப்படியானால் சிக்காதவர் எத்தனை பேர்? நுண்ணிய அளவு என்பது மருந்தை நிறுத்திய பின் மிஞ்சிய எச்சம். பட்டமே பழுதுபட்டது.

இரண்டு வாதங்களும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. இனி இவற்றை வேதியியல் தராசில் இடுவோம்.

ஏரியில் ஒரு கிராம்

இக்காலச் சோதனைக் கருவிகள் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் சில பிக்கோகிராம் பொருள் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளமும், அரைக் கிலோமீட்டர் அகலமும், இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். அதில் 100 கோடி லிட்டர் நீர் பிடிக்கும். அந்த ஏரி முழுவதிலும் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் இருப்பது ஒரு பிக்கோகிராம். 'அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு' என்பது நம் பழமொழி. இங்கோ அளவு எவ்வளவு குறைந்தாலும் குற்றம் குறைவதில்லை.

அப்படியானால் கிளெம்சன் ரசிகர்கள் சொல்வது சரிதானா? அவசரப்பட வேண்டாம். உடலில் புகுந்த ஆஸ்டரின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்று கொள்வோம். ஒருவன் 10 மில்லிகிராம் உட்கொண்டு நிறுத்திவிடுகிறான். பத்தாம் நாள் அவன் உடலில் எஞ்சுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபதாம் நாள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 நானோகிராம். இன்னொருவன் மருந்தைத் தொட்டதே இல்லை. ஆனால் அவன் இன்று குடித்த சத்துமாவில், இயந்திரத்தைச் சரியாகக் கழுவாததால் 10 நானோகிராம் தூசி கலந்திருக்கிறது. இவ்விருவரின் சிறுநீரையும் இன்றே சோதித்தால் முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இது ஏட்டுக் கணக்குத்தான். உடல் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடுவதில்லை. ஆனால் உண்மை மாறாது. குறைந்த அளவு என்பது களங்கமின்மைக்கும் சான்றன்று, களவுக்கும் சான்றன்று.

இரண்டாவது புட்டியைப் பற்றியும் ஒரு சொல். 'இரண்டாவது புட்டியும் உறுதிசெய்துவிட்டதே' என்பது எதிர்த்தரப்பினரின் பெரிய ஆயுதம். இரண்டாவது புட்டி உறுதி செய்வது முதல் சோதனையில் பிழையில்லை என்பதை மட்டுமே. ஒரே குடத்து நீரை இரண்டு செம்புகளில் மொண்டால் இரண்டும் ஒரே சுவைதான். அந்த நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதைச் செம்பு சொல்லாது.

ஆக, 'பொருள் இருக்கிறதா?' என்ற வினாவுக்கு வேதியியல் தெளிவாக விடை தருகிறது. 'எப்படி வந்தது?' என்ற வினாவுக்கு ஒரு துளி சிறுநீர் மட்டும் விடை தராது. ரசிகர்கள் சண்டையிடுவது இந்த இரண்டாம் வினாவைப் பற்றித்தான். சான்று முடிந்த இடத்தில் அவரவர் சட்டையின் நிறம் பேசத் தொடங்குகிறது. 1988-இல் கேள்விக்குள்ளானது தென் கரோலினா பல்கலைக்கழகம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேள்விக்குள்ளானது அதே மாநிலத்தில் அதன் பரம்பரை எதிரியான கிளெம்சன். ஒரு தலைமுறையில் பழி சுமந்தவர்கள் அடுத்த தலைமுறையில் பழி சொல்ல வாய்ப்புப் பெற்றனர்.

எப்படி வந்தது?

சங்கத்தின் விதி இந்த இரண்டாம் வினாவை ஏறத்தாழக் கேட்பதே இல்லை. உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே முழுப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. முதன்முறை அகப்பட்டால் ஓராண்டுத் தடை. அதோடு ஆடுவதற்கு உள்ள தகுதியிலும் ஓராண்டு கழிந்துவிடும். கல்லூரி வீரர் ஆடக்கூடிய பருவங்களே நான்கு என்பதை நினைத்தால் இது நான்கில் ஒரு பங்கு.

இவ்விதிக்கும் நியாயம் உண்டு. தெரியாமல் வந்தது என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் எல்லோரும் அதையே சொல்லித் தப்புவர். 2015-இல் ஃபுளோரிடா அணி ஆறு ஆட்டங்களில் தொடர்ந்து வென்றிருந்தபோது, அதன் இளம் வீரர் வில் கிரியர் ஓராண்டுத் தடை பெற்றார். கடையில் வாங்கிய துணை உணவு ஒன்றை, அணி மருத்துவரிடம் காட்டாமல் உட்கொண்டதாக அவரே முன்வந்து கூறி மன்னிப்புக் கேட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியிருந்தும் கேளாதது அவர் பிழை. பின்னர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீண்டும் புகழ்பெற்றார்.

சோதனையில் அகப்படுவோர் மட்டுமே குற்றவாளிகள் என்றும் எண்ணிவிட முடியாது. 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 61,000-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களின் எடைப் பதிவுகளை ஆராய்ந்தது. சோதனையில் அகப்படுவோர் மிகச் சிலர். ஆனால் ஒரே ஆண்டில் 20 பவுண்டுக்கு மேல் எடை கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். எடை கூடியது மட்டுமே மருந்துக்குச் சான்றாகாது என்பதையும் அந்நிறுவனமே கூறியது. ஆகவே விதியைத் தளர்த்தச் சொல்வோரும் இதை மறந்துவிடலாகாது.

எனினும் இரண்டாம் வினாவைக் கேட்கவே முடியாது என்பதில்லை. 2019-இல் கனடாவின் படகு வீராங்கனை லாரன்ஸ் வின்சென்ட் லாபாயின்ட், ஆஸ்டரின் இனத்தைச் சேர்ந்த 'லிகண்ட்ரால்' என்ற பொருளின் நுண்ணிய அளவோடு அகப்பட்டார். அவர் தலைமுடியும், அவரோடு நெருங்கியிருந்தவரின் தலைமுடியும் சோதிக்கப்பட்டன. மருந்தை உட்கொண்டவர் மற்றவர் என்பதும், அவரிடமிருந்தே அது இவர் உடலுக்குத் தொற்றியது என்பதும் ஏற்கப்பட்டு, 2020 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் வென்றார். சிறுநீர் ஒரு நாளின் செய்தியைச் சொல்கிறது. முடியோ பல மாதங்களின் கதையைச் சொல்கிறது. வேதியியலிடம் வேறு விதமாகக் கேட்டால் வேறு விடையும் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

யு.எஃப்.சி. என்னும் சண்டைப் போட்டி நிறுவனம் 2019 நவம்பரில், இவ்வகைப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 100 பிக்கோகிராமுக்குக் குறைவாக இருந்தால் அதை மட்டும் கொண்டு குற்றம் சாட்டுவதில்லை என்று எல்லை வகுத்தது. தடைப்பட்டியலும் கல்லில் பொறித்ததன்று. கஞ்சாவைத் தடைப்பட்டியலில் வைத்திருந்த கல்லூரிச் சங்கமே, அது ஆட்டத்திறனைக் கூட்டுவதில்லை என்று கூறி, 2024 ஜூனில் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு அதை நீக்கியது. விதி மனிதர் செய்தது. ஆராய்ந்து மாற்றவும் மனிதரால் இயலும்.

கிளெம்சன் வீரர்களுக்கு என்ன நேர்ந்தது? லாரன்ஸ் கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். 2019 ஏப்ரலில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை 17-ஆம் தேர்வாக எடுத்துக்கொண்டது. கேலவே, ஜியெல்லா இருவருடைய முறையீடும் ஏற்கப்படவில்லை. கேலவே 2019 டிசம்பர் அரையிறுதியில்தான் மீண்டும் களமிறங்கினார். ஜியெல்லாவுக்கும் அந்தப் பருவம் பறிபோயிற்று. மருந்து எங்கிருந்து வந்தது என்பது பொதுவெளியில் நிறுவப்படவே இல்லை. ஒரே பொருள், ஒரே விதி. ஆனால் பெரிய வீரருக்கு இரண்டு ஆட்டங்கள். சிறிய வீரர்களுக்கு ஓராண்டு. ரசிகர்கள் பட்டத்தின் பெருமையைப் பற்றியே வாதிட்டனர். இழப்பு யாருடையது என்று பார்த்தவர் குறைவு.

முடிவுரை

மருந்துச் சோதனை வேண்டும், தடையும் வேண்டும். இவை இல்லாவிட்டால் சேக்கினைப் போல் இன்னும் பலர் வருவர். ஆனால் அளவு மிக நுண்ணியதாக இருக்கும்போது, ஓர் இளைஞனின் ஓராண்டை எடுத்துக்கொள்வதற்கு முன்பு 'எப்படி வந்தது?' என்ற வினாவையும் கேட்பதே முறை. அதற்கான கருவி நம்மிடம் இருக்கிறது. செலவு ஆகும் என்பது உண்மை. லட்சம் பேர் அமரும் திடல்களைக் கட்டியவர்களுக்கு அது பெரிய செலவன்று.

ரசிகர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. அதற்குக் கருவி தேவையில்லை. தீர்ப்புச் சொல்லுமுன் வீரனின் சட்டையை மட்டும் மனத்தில் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே மருந்து, அதே அளவு, ஆனால் எதிரணி வீரன். அப்போதும் நம் தீர்ப்பு அதுவாகவே இருக்குமானால் அது நியாயம். மாறுமானால் நாம் பேசியது பற்று.

ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கும் பாடம், கண்டதை மட்டும் எழுது என்பதே. குழாயில் நிறம் மாறினால் நிறம் மாறியது என்று எழுத வேண்டும். நாம் விரும்பிய விடையை எழுதக்கூடாது. அடைப்புக்குள் சிக்கியவர்கள் கேலவேயும் ஜியெல்லாவும் போல என் வயதொத்த மாணவர்கள். அவர்களுக்கு அந்த ஓராண்டு திரும்பி வரப்போவதில்லை. அடுத்த முறை தீர்ப்பு எழுதுவோர், சங்கமாயினும் ரசிகராயினும், கண்டதற்கும் கருதியதற்கும் இடையே ஒரு கோடு இழுத்துவிட்டு எழுதுவார்களாக.